இறால் மேல் போட்ட பழி

போன வாரம் பொன்னேரியில் ஒரு தோல் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மேஜை மேல் என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். மனசுக்குள் ஒரே வேண்டுதல் — அலர்ஜி அளவு எகிறியிருக்க வேண்டும்!

யாராவது இப்படி வேண்டுவார்களா? நான் வேண்டினேன். காரணம், ஸ்டெல்லா.

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் அவள் பேக்கிங் செக்‌ஷன். காலையில் ஒரே ரயில், மதியம் கேன்டீனில் ஒரே மேஜை. அவள் கொண்டுவரும் இறால் தொக்கில் பாதி எனக்குத்தான்.

மழைக்காலத்தில் எனக்குக் காணாக்கடி ஆரம்பித்தது. உடம்பெல்லாம் சிவந்த தடிப்பு, தாங்க முடியாத அரிப்பு. காலையில் மறையும், சாயங்காலம் வேறு இடத்தில் முளைக்கும். ஒருநாள் உதடு வீங்கி, மீட்டிங்கில் 'பேலன்ஸ்' என்ற வார்த்தையே வாயில் வரவில்லை...

சும்மா இருப்பேனா? துப்பறிந்தேன். சோப்பை மாற்றினேன். கத்திரிக்காயை விட்டேன். கடைசியில் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் தீர்ப்புச் சொன்னேன்: "எல்லாம் உன் இறாலால வந்ததுதான் ஸ்டெல்லா!"

அவள் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாக்கா இப்டி சொல்லிட்ட? எம் புள்ளைங்களும் அதத்தானே துன்னுதுங்கோ?"

டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தாள். மறுநாளிலிருந்து வேறு மேஜை. ரயிலிலும் வேறு பெட்டி.

இறாலை நிறுத்தியும் தடிப்பு நிற்கவில்லை. ஒப்புக்கொள்வேனா? 'பழைய இறாலின் மிச்சம்' என்று எனக்கு நானே வைத்தியம் பேசிக்கொண்டேன்!

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "அலர்ஜி அளவு நார்மல்மா. ஆனா தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி ரொம்ப ஜாஸ்தி. மாசக்கணக்கா தடிப்பு வர்றவங்கள்ல சில பேருக்கு இப்படி இருக்கும். வெளியில எதிரி யாரும் இல்ல. உங்க உடம்பே உங்களோட சண்டை போடுது."

"அப்ப... இறால்?"

"தாராளமா சாப்பிடுங்க. மாத்திரைய மட்டும் விடாம போடுங்க."

வாழ்க்கையில் எதிலாவது நான் நார்மலைத் தாண்டியிருக்கிறேன் என்றால், அது இந்த ஆன்டிபாடியில்தான்!

மறுநாள் ஸ்டெல்லா இருந்த பெட்டியைத் தேடி ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "மன்னிச்சிடு ஸ்டெல்லா."

அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். பிறகு என் முழங்கைத் தடிப்பை மெதுவாகத் தொட்டாள்.

"இவ்ளோ பேஜாரு புடிச்ச நோவ வச்சிக்கினு ஆஸ்பத்திரிக்குத் தனியாவா போன? என்னை இட்டுக்கினு போனா இன்னாக்கா?"



அரிப்பு இப்போது குறைந்திருக்கிறது. அடுத்தவர் மேல் பழி போடும் அரிப்புக்குத்தான் டாக்டர் ஒன்றும் எழுதித் தரவில்லை!