மாமா பிஸ்மி சொல்லாத துப்பாக்கி

ஒன்பது வயதில் நான் யாரையும் நம்பமாட்டேன். ஸ்கூல் பஸ் வழக்கமில்லாத தெருவில் திரும்பினால், டிரைவர் எங்களைக் கடத்துகிறாரோ என்று தெருப்பெயரை நோட்டில் குறித்துக்கொள்வேன். இப்பேர்ப்பட்டவள் கண்ணில் மாமா மண்ணைத் தூவப் பார்த்தார் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஹூஸ்டனில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ டிரைவில் இருந்தார். செப்டம்பர் வந்தால் புறா வேட்டைக்குப் போவார். கறுப்பு பிளாஸ்டிக் கட்டை போட்ட புதுத் துப்பாக்கி அவருடைய செல்லப்பிள்ளை. சுடும்போது அல்லாஹ்வின் பேரைச் சொல்லி பிஸ்மி சொல்லாவிட்டால் கறி ஹலால் ஆகாது என்பதால் ஒவ்வொரு தடவையும் சொல்வார். அப்படியே பழகி, காரை ஸ்டார்ட் பண்ணும்போதும் சோடா கேனைத் திறக்கும்போதும்கூடச் சொல்வார்.

அந்த வருஷம் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வேலை போயிருந்தது. ஏழு மாதமாக வீட்டில் இருந்தார். முதலில் ஷேவ் பண்ணுவதை விட்டார், அப்புறம் பேச்சும் குறைந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கக் கிளம்பியபோது, தன் பழைய துப்பாக்கியை அத்தாவிடம் கொடுத்தார். கூன் விழுந்த முதுகும் மரக்கட்டையுமாக நல்ல கனம். சுட்டால் குழாயே பின்னுக்குப் போய் முன்னுக்கு வரும். தாத்தா முன்கட்டையைக் கழற்றி, உள்ளே ஸ்பிரிங்கோடு இருந்த இரும்பு வளையத்தைக் காட்டினார். புறாவுக்கான லேசான தோட்டா போட்டால் வளையம் ஸ்பிரிங்குக்குப் பின்னால் இருக்க வேண்டுமாம். வாத்துக்கான கனமான தோட்டா என்றால் முன்னால். அத்தா தலையை ஆட்டினாரே தவிர, காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. நான்தான் கவனமாகப் பார்த்தேன்.

ஆனாலும் மறுநாளே அத்தா கராஜில் உட்கார்ந்து அந்தக் கட்டைக்கு எண்ணெய் போட ஆரம்பித்தார். அவராக எழுந்து ஒரு வேலை செய்ததே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. அவளும் மாமாவும் கிச்சனில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது.

"பிரியாணிக்கு இஞ்சி பத்தலைன்னு சொல்லிட்டிருந்தேன்" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. இஞ்சி பத்தவில்லை என்று யாராவது அழுவார்களா? அன்றிலிருந்து மாமா மேல் ஒரு கண் வைத்தேன்.

சந்தேகத்துக்கு ஏற்ற மாதிரியே அவரும் நடந்துகொண்டார். "மச்சான், இது உங்களைவிட வயசானது. தோளைப் பேத்துடும். என்னோடது வெடிக்கிற கேஸ்லயே தானா லோடு ஆகும், உதையே தெரியாது. எந்தத் தோட்டா போட்டாலும் ஓடும். இதை என்கிட்ட குடுத்துடுங்க, நான் வச்சுக்கறேன்" என்றார்.

"உன்னோடது பொம்மைத் துப்பாக்கி மாதிரி இருக்குப்பா. இது கைல நிக்குது" என்றார் அத்தா.

பழசுக்கு இப்போது நல்ல கிராக்கி என்று மாமா யாரிடமோ போனில் சொன்னதை நான் கேட்டிருந்தேன். அடப்பாவி, சும்மா வந்ததை அமுக்கப் பார்க்கிறாரே! கடைசியில், சனிக்கிழமை இரண்டையும் சுட்டுப் பார்ப்பது, பழசு சரியாக ஓடாவிட்டால் மாமா எடுத்துக்கொள்வது என்று முடிவானது.

மாமாவின் நண்பருடைய நிலத்துக்குப் போனோம். காதை மூடி, கண்ணாடி போட்டு, என்னைப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மாமா பெட்டியில் தனித்தனியாக இருந்த தன் துப்பாக்கியை பிஸ்மி சொல்லி மாட்டினார். அத்தாவின் துப்பாக்கியை எடுத்தபோது மட்டும் எங்களுக்குப் பாதி முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். முன்கட்டையைக் கழற்றுவது தெரிந்தது. திரும்ப மாட்டினார். பக்கவாட்டில் தெரிந்த உதடு அசையவே இல்லை. சோடா கேனுக்கே பிஸ்மி சொல்கிற மனுஷன்! எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

மாமா சுட்டார். குறிபார்க்க மேலே வீசிய களிமண் தட்டுகள் தூளாயின, காலித் தோட்டாக்கள் தாமாகவே துள்ளி விழுந்தன. அத்தா சுட்டதும் தட்டு உடைந்தது, ஆனால் காலித் தோட்டா வெளியே வராமல் மாட்டிக்கொண்டது. கையால் எடுத்துவிட்டு மறுபடி சுட்டார். மறுபடியும் மாட்டியது. ஐந்து தடவையும் அதே கதை.

"பாத்தீங்களா மச்சான், இதோட காலம் முடிஞ்சுபோச்சு."

"ஆமா, முடிஞ்சுதான் போச்சு. எடுத்துட்டுப் போ" என்றார் அத்தா. அந்தக் குரலைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மாமா சீட்டிங்! வளையத்தை மாத்தி வச்சிருக்கார், அத்தா!" என்று கத்தினேன்.

அத்தா தோட்டாக்களை எடுத்துவிட்டு முன்கட்டையைக் கழற்றினார். போட்டது புறாத் தோட்டா, வளையமோ முன்னால் இருந்தது. பின்னால் மாற்றிவிட்டுச் சுட்டார். டக் டக்கென்று மூன்று காலித் தோட்டாக்கள் புல்லில் துள்ளின. அத்தா வாய்விட்டுச் சிரித்தார். ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு. "என் செல்லம், பெரிய சிஐடி!" என்று என்னைத் தூக்கிக்கொண்டார். மாமா சிரிக்கவில்லை, அத்தாவின் கையிலிருந்த துப்பாக்கியையே பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்குச் சிரிப்பு எப்படி வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மா எங்களைப் பார்க்கவில்லை, அத்தாவின் கையிலிருந்த துப்பாக்கிப் பெட்டியைத்தான் பார்த்தாள். நான் பெருமையாக நடந்ததைச் சொன்னேன். "உன்னை யாருடி கேட்டா?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமையிலிருந்து, அரைமணி தூரத்தில் வேலை பார்த்த அம்மா மத்தியானம் வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்தாள். எனக்குக் கோடை லீவு. "அத்தா கராஜுக்குப் போனா நீயும் கூடவே போகணும். கண்ணை எடுக்கக் கூடாது" என்றாள்.

நவம்பரில் அத்தாவுக்கு வேலை கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ், இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். வேலை இல்லாமல் இருந்த அந்த மாதங்களில் அவர் இரண்டு முறை, "நான் இல்லாட்டி உங்களுக்காவது நிம்மதி" என்று சொன்னதை, நான் காலேஜ் போன பிறகுதான் அம்மா என்னிடம் சொன்னாள். அதுவரை ஒவ்வொரு பெருநாளுக்கும் நான் மாமாவைத் திருடன் என்று கேலி செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே எனக்குக் காசு கொடுத்தார்.

அந்தக் கோடையில் எனக்கு எதுவும் தெரியாது. மாமா வந்து துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய்விடாமல் இருக்கத்தான் அம்மா என்னைக் காவல் வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். தினமும் கராஜ் வாசலில் ஸ்டூலைப் போட்டு, தெருமுனையில் அவர் கார் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, அத்தாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.