யாரும் சாகக் கூடாத தீவு

எங்கள் கப்பலின் சமையல்காரர் மொரீசியஸில் ரிவியேர் டு ராம்பார் என்ற ஊரில் சின்னதாகக் கரும்பு நிலம் வைத்திருந்தவர். ஒட்டிய கன்னம், பெரிய காது. ஒவ்வொரு இருமலுக்குப் பின்னும் சட்டைக் கையில் வாயைத் துடைத்து, ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார். மொரீசியஸ் போய்ச் சேரும்வரை உயிர் தங்க வேண்டுமே என்பதுதான் அவருடைய கவலை.

ஜப்பானில் சரக்கு இறக்கிய அன்று, கடலுக்குள் சிவப்பு வாசல் நிற்கிற அந்தப் பேர்பெற்ற ஷிந்தோ கோயிலுக்கு நானும் அவரும் படகேறினோம். வழியில் ஒரு மான் என் தொப்பியைத் தின்றது. கோயில் சாமி தடுக்கவில்லை. ஆங்கிலம் தெரிந்த கடைக்காரர் ஒருவர், "இது புனிதத் தீவு, இங்கே யாரும் சாகக் கூடாது, சாகக் கிடந்தால் அக்கரைக்குக் கொண்டுபோய்விடுவோம்" என்றார். சமையல்காரரிடம் அதைச் சொன்னேன்.

"அப்ப நீ கப்பலுக்குப் போ தம்பி. நான் இங்கயே இருந்துக்கிறேன்" என்று கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சோறு யாரு போடுவா?"

"போடாட்டியும் சாக முடியாதுல்ல?"

சிரித்ததில் இருமல் பிடித்துக்கொண்டது. வெள்ளை அங்கி போட்ட பூசாரி ஓடி வந்தார். சட்டைக் கையில் சிவப்பைப் பார்த்ததும் மரியாதையாகக் குனிந்து வணங்கி, அவரைக் கைத்தாங்கலாக அடுத்த படகிலேயே ஏற்றி அனுப்பினார்.

"பாத்தியா, என்னைவிட சாமிதான் சாவுக்குப் பயப்படறாரு" என்றார் சமையல்காரர் படகில். கரை சேரும்வரை சிரித்தார்.

சிங்கப்பூரில் நான் வேறு கப்பலுக்கு மாறினேன். ஒரு கோயிலையே மிரட்டியவரின் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்கிறேன். ஆள் இருக்கிறாரா என்று யாராவது கேட்டால், இருக்கிறார் என்றுதான் சொல்கிறேன்.