சீட்டில் ஏறாத சீட் கவர்

போன வாரம் நெருப்பெரிச்சலில் நண்பர் பழனிசாமியின் தையல் யூனிட்டுக்குப் போயிருந்தேன். பனியன் ஊரில் இருந்துகொண்டு அவர் தைப்பது பனியன் இல்லை – கார் சீட் கவர்!

மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

"கார் கம்பெனி வெளிநாட்டுக்குப் போகுதுங்க. சீட் கவரையும் அங்கயே தச்சுக்கறாங்களாமா. இந்த லாட்டோட நம்ம கதை முடிஞ்சுதுங்க."

அங்கே அறுபது பேர் வேலை பார்க்கிறார்கள். பாதிக்கு மேல் தென்மாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள். அவர்கள் எங்கே போவார்கள்? எனக்குக் கோபம்தான் வந்தது. அங்கே கூலி குறைவு என்று ஒரு எக்செல் ஷீட் சொன்னால் போதுமா... ஃபாக்டரியைக் கப்பலில் ஏற்றிவிடுவதா?

அந்த நேரம் பார்த்து வீடியோ கால். பேசியவர் கம்பெனியின் புது வெளிநாட்டு பிளான்ட்டின் மேனேஜர் – நம்மூர்க்காரர்தான். அதே மெஷின், அதே பின்னல் துணி, அதே அளவு. ஆனால் தைத்த கவர் ஒன்றுகூட சீட்டில் ஏறவில்லையாம். ஒரு விரற்கடை சின்னதாகிவிடுகிறதாம்.

பழனிசாமி, கட்டிங் பார்க்கும் ஜெசிந்தாவை அழைத்தார். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அவர் மேனேஜரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"ரோலப் பிரிச்சு எவ்வளவு நேரம் போட்டு வச்சிய சார்?"

"பிரிச்ச உடனே வெட்டிட்டோம்மா."

"அதான் சார். ரோல்ல துணி இழுபட்டுல்லா கெடக்கும். பிரிச்சு ஒரு நாள் சும்மா போடுங்க. சுருங்குறது சுருங்கட்டும். பொறவு வெட்டுங்க."

இங்கே வேலை முடிந்து கிளம்பும்போது ரோலைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள்தான் கத்திரி. இதை யாரும் எழுதி வைத்ததில்லை. லிஸ்ட் போட்டு எல்லாவற்றையும் கொண்டுபோனவர்கள், துணி சும்மா கிடப்பதையா லிஸ்டில் சேர்ப்பார்கள்?

கால் முடிந்ததும் பழனிசாமி தலையில் கை வைத்தார். "ஏனுங்க அம்மணி, அதையும் சொல்லிப்போட்டீங்களே! இனி நம்மள எதுக்குங்க தேடப் போறாங்க?"

ஜெசிந்தா வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கும் திக்கென்றுதான் இருந்தது.

நான்கு நாள் கழித்து பழனிசாமியிடமிருந்து போன். "அம்மணி சொன்னபடி செஞ்சதும் கவர் ஏறிருச்சாமா; இன்னும் எழுதி வெக்காதது என்னென்ன இருக்கோன்னு, கட்டிங் பூரா நம்மகிட்டயேதானுங்க! புது மாடலுக்கு சாம்பிளும் இங்கதான் தைக்கோணுமாமா. ஒருத்தரையும் நிறுத்த வேண்டியதில்லீங்க!" நிரந்தரமா? யாருக்குத் தெரியும்! இப்போதைக்கு அறுபது பேருக்கும் வேலை இருக்கிறது. எனக்கு அத்தனை சந்தோஷம்... நேராக யூனிட்டுக்கே போய்விட்டேன்.

"அன்னிக்கு அவ்வளவு பட்டுனு சொல்லிட்டீங்களே, பயமா இல்லையா?" என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன்.

"பயந்தான் சார், ரெண்டு புள்ளைய படிக்குல்லா!" என்றார். "ஆனா தெரிஞ்சத மறைச்சா, அடுத்த தப்புக்கு நம்மள யாரு சார் கூப்பிடுவா?"