சாமிக்குக் கொடுத்த முடி

முதலில் அது ஒரு புளியங்கொட்டை அளவுதான். நடு நெற்றியில், பொட்டுக்குக் கொஞ்சம் மேலே, தொட்டால் கல் மாதிரி இருந்தது. எங்கோ இடித்துக்கொண்டேன் என்று நினைத்து மஞ்சள் பற்றுப் போட்டேன். இரண்டு வருடத்தில் கொட்டைப்பாக்காகிவிட்டது.

என் கணவர் குவைத்தில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் லீவு. வீடியோவில் பேசும்போதெல்லாம் முடியை நெற்றியில் இழுத்துவிட்டுச் சமாளித்தேன். பயந்துவிடுவார் என்பது பாதி. அசிங்கமாக நினைப்பாரோ என்பது மீதி. உள்ளதைச் சொல்வதற்கென்ன?

அவர் வர ஒரு மாதம் இருக்கும்போது தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்தார்கள். ஆஸ்டியோமா (எலும்பின் மேல் வளரும், புற்றுநோயல்லாத கட்டி). எண்டோஸ்கோபி முறையில் (சிறு துளை வழியே கேமராக் குழாயைச் செலுத்தி) எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா விளக்கினார். எதுவும் என் காதில் ஏறவில்லை. கணவருக்குத் தெரியாமல் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

தலையில் ஆபரேஷன் என்றால் எப்படியும் மழிக்கத்தான் போகிறார்கள். ஆஸ்பத்திரிக் குப்பைக்குப் போவதைச் சாமிக்கே கொடுப்போமே! சுவாமிமலையில் மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு, அட்மிஷனுக்குப் போய் நின்றேன்.

டாக்டரம்மா பதறிவிட்டார். "ஐயோ, என்னம்மா இது! நெத்தியில கத்தியே படாது. முடிக்குள்ள ரெண்டு சின்னக் கீறல் போட்டு, அது வழியாத்தான் கட்டியைச் செதுக்கி எடுப்போம். தழும்பை முடி மறைச்சிடும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?"

"இப்ப முடியே இல்லியே டாக்டர்."

"அதைத்தானே நானும் சொல்றேன்!" சிரித்துவிட்டார். "ஆபரேஷனுக்கு ஒண்ணும் ஆகாது. முடி வளர்ற வரைக்கும் தழும்பு தெரியும், பரவாயில்லையா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறைக்க இனி என்ன இருக்கிறது? வராந்தாவில் உட்கார்ந்து கணவருக்கு வீடியோ கால் போட்டேன்.

கட்டி, ஆபரேஷன், மொட்டை எல்லாவற்றையும் சொன்னேன். "மொட்டை வளந்துடும், விடு. ரெண்டு வருஷமா எங்கிட்ட மறைச்சியே, நான் என்ன மூணாம் மனுஷனா?" என்றார். அந்த வார்த்தைதான் கட்டியைவிட வலித்தது.

கட்டி நல்லபடியாகப் போய்விட்டது. ஆனால் நெற்றி மரத்துப்போயிருந்தது. நரம்பு மெல்லத்தான் தேறும், மாதக்கணக்காகலாம் என்றார் டாக்டரம்மா. உங்களுக்கும் இப்படி ஆனால் பயப்படாதீர்கள். அவர்கள் சொல்வதை மட்டும் முழுசாகக் கேளுங்கள்; என்னைப் போல் பாதியில் எழுந்து கோயிலுக்கு ஓடாதீர்கள்.

கணவர் வந்தபோது நாற்றங்கால் முளை அளவுக்கு முடி இருந்தது. தினமும் நெற்றியைத் தொட்டு, "தெரியுதா?" என்பார். "இல்லீங்க" என்பேன். லீவு முடிந்து போய்விட்டார்.

நாட்களை நான் முடியின் நீளத்தில்தான் எண்ணினேன். சம்பா அறுப்பு சமயத்தில் அது நெற்றியில் வந்து விழுந்தது. ஒரு நாள் காலையில் குங்குமம் வைத்தபோது, என் விரல் பட்டது எனக்கே தெரிந்தது.

உடனே போனை எடுத்தேன். அவர் முகம் வந்ததும், விழுந்திருந்த முடியை இரண்டு கையாலும் ஒதுக்கினேன்.

"ஏங்க, தெரியுதுங்க."