வயிறு கத்துது

அத்தானை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய காதுதான். சுவிசில், சோலோதுர்ன் நகரத்துக்குப் பக்கத்துப் பண்ணையில், ஒரு கிழட்டுப் பெண் குதிரையின் விலாவுக்குக் கீழே காதை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கன்னமெல்லாம் குதிரை மயிர் ஒட்டியிருக்கும். அக்கா அப்போது யாழ்ப்பாணத்தில். நிரந்தர வேலை இல்லாதவன் மனிசியைக் கூப்பிட முடியாது. அதனால்தான் நாயைக் கண்டாலே றோட்டின் மறுபக்கம் போகிற மனுசன் குதிரை லாயத்துக்கு வந்து சேர்ந்தார். நானும் அங்கேதான் வேலை. ஜெர்மன் கொஞ்சம் தெரிந்ததால் அவருக்கு வாயும் நான்தான்.

எங்கள் ஆட்களுக்கு வயிறு கத்தினால் ஒரே அர்த்தம், பசி. குதிரையின் வயிறோ எந்நேரமும் கத்தும். அத்தானால் அதைத் தாங்க முடியவில்லை. "காய்ஞ்ச புல்லைப் போட்டுப் பேய்க்காட்டுறாங்கள், பாவம், அதுக்குப் பசிக்குது" என்று சொல்லிச் சொல்லி, சட்டைப் பையில் பேக்கரிப் பாண் கொண்டுவந்து ஒளித்துத் தீத்துவார். கத்தக் கத்தப் பாண். ஒருநாள் மத்தியானம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "இண்டைக்குத்தான் அதுக்கு வயிறு நிறைஞ்சிருக்கு. ஒரு சத்தமில்லை."

சற்று நேரத்தில் குதிரை முன்காலால் நிலத்தை விறாண்டத் தொடங்கியது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. மிருக வைத்தியர் வந்து குழாயை வைத்துக் கேட்டார், முகம் மாறியது. அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை சின்னது, அதனால்தான் அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்கிறது. புல்லைப் புளிக்க வைத்துச் செமிக்கிற வேலை பின்னாலிருக்கும் பெருங்குடலில். அந்த வேலையின் சத்தம்தான் நாங்கள் கேட்பது. சத்தம் நின்றால் குடல் நின்றுவிட்டது. பாண், தானியம் மாதிரி எதையாவது கூடத் தின்றால் வாயு கட்டிவிடும்.

"சத்தி எடுக்க வைக்கேலாதோ எண்டு கேள்" என்றார் அத்தான்.

கேட்டேன். குதிரைக்குச் சத்தி வராதாம், தின்றதை வாயால் திருப்பி எடுக்க முடியாதாம். உள்ளே போனது பின்னால்தான் வெளியே வரவேண்டும். அத்தான் கவிழ்ந்து கிடந்த வாளியில் உட்கார்ந்துவிட்டார். "இது செத்தால் வேலை போச்சு. உன்ரை அக்கா வரமாட்டாள்" என்றார்.

நானென்றால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவரோ எழும்பிப் போய், முதலாளியம்மாவின் முன்னால் நின்று, தனக்குத் தெரிந்த ஜெர்மனில், "இஹ் ப்ரோட். ஃபீல் ப்ரோட்" என்றார். நான் பாண், நிறையப் பாண். குதிரையின் மூக்கால் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார்கள், மெல்ல நடத்தச் சொன்னார்கள். பின்னேரம் முழுக்க அத்தான் அதை நடத்துவதும், நிறுத்திக் காதை வைப்பதுமாக இருந்தார். பொழுதுபட முன்னம் மெதுவாகச் சொன்னார், "கத்துது." சொல்லிவிட்டு அழுதார்.

வேலை போகவில்லை. காலையில் வந்ததும் எல்லாக் குதிரையின் வயிற்றையும் கேட்க வேண்டும், பாண் கொண்டுவரக் கூடாது என்று முதலாளியம்மா கட்டளை போட்டார், அவ்வளவுதான். அக்கா வந்து சேர்ந்தாள். "அவளுக்குச் சொல்லிப்போடாதை" என்றார் அத்தான். நான் சொல்லவில்லை.

போன மாதம் அத்தானுக்குக் குடலில் ஆப்பரேசன். குடல் திரும்ப வேலை செய்யவேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அக்கா சாப்பிடவில்லை. தாதி வந்து குழாயை வைத்துக் கேட்பதும் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டுப் போவதுமாக இருந்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. வெட்கத்தை விட்டு, கட்டுக்குப் பக்கத்தில் வயிற்றில் என் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. அப்படியே கிடந்தேன். பிறகு எங்கோ ஆழத்தில், மெல்ல, நீளமாக ஒரு சத்தம்.

"கத்துது, அத்தான்."

அக்கா பாய்ந்து எழும்பினாள். "ஐயோ, அவருக்குப் பசிக்குதாக்கும், பாவம். என்ன தரலாமெண்டு கேள்."

அத்தான் கண்ணைத் திறக்காமலே சொன்னார், "பாண் மட்டும் தராதையப்பா."

தையல் இழுக்க இழுக்கச் சிரித்தார். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. ஒன்றும் விளங்காமல் அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.