பள்ளவெளிக் குளத்து முக்குளிப்பான்

முக்குளிப்பானைப் பற்றி அச்சிமுகம்மதுவிடம் யாரும் வாய் தவறிக் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் தேநீர் ஆறிப்போகும். கைக்குள் அடங்கும் பறவை, குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு குளத்தில் போன அழகைச் சொல்லச் சொல்ல, கல்முனைச் சந்தைக்கு மீன் கொண்டுபோவதையே மறந்துவிடுவார் மனிதர். ஆளைக் கண்டால் முங்கும். எங்கே எழும்பும் என்று கூட்டாளிமாரோடு பந்தயம் பிடித்துத் தோற்ற காலமெல்லாம் இனி வருமா?

"அதுதானே உங்கட மூத்த பொண்டாட்டி" என்று மனைவி கமீலா சீண்டுவாள்.

அந்தப் பறவை ஒரே நாளிலா அழிந்தது? சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகத் தடை விழ, கடல்காரரெல்லாம் மெல்லிய நைலோன் இழையில் பின்னிய தங்கூசி வலையோடு குளத்துக்கு வந்தார்கள். முங்கிய பறவைக்கு அந்த வலை கண்ணில் படாது. சிக்கி, மூச்சடைத்துச் செத்தது. சுனாமி உப்புத் தண்ணீரைக் கொட்ட, கூடு கட்டும் பன்புல் கருகியது. பிறகு நிவாரணம் என்று இன்னும் வலைகள் வந்தன. வயிற்றுப்பாடு, யாரை ஏசுவது? அவருடைய வலையும் அங்கேதான் கிடந்தது.

சண்டை முடிந்த வருடம், மாரி மழைக்குப் பின், குளத்தில் மறுபடி அந்தக் குரல். ஒரு சோடி! மனிதர் அழுதேவிட்டார். தன் வலையைச் சுருட்டிக்கொண்டு மற்றவர்களிடம் கெஞ்சினார். "குஞ்சு பொரிக்குமட்டும் பொறுங்கடா, அல்லாஹ்வுக்காக!"

எல்லோரும் பொறுத்தார்கள். ஆனால் எப்போதோ அறுந்து அமிழ்ந்து கிடந்த வலைத்துண்டு ஒன்றில் பெட்டை சிக்கிக்கொண்டது. குற்றுயிராய்க் கிடந்ததைச் சாரத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். "இதைப் பாத்துக்க புள்ள" என்று கமீலாவிடம் கொடுத்துவிட்டு, மிச்ச வலைத்துண்டைப் பிடுங்கி எறிய ஓடினார்.

திரும்பி வந்தபோது குசினியில் மிளகு வாசம்.

"எங்க புள்ள அது?"

"கண்ணும் சொருகி, தலையும் தொங்கிட்டு. தானா மௌத்தானா தின்னேலாத ஹறாமாப் போயிடுமே! ஓடிப்போய் பக்கத்து வீட்டுப் பளீலைக் கூட்டி வந்து, பிஸ்மி சொல்லி அறுக்க வச்சன். நல்ல வேளை, உசிர் இருந்திச்சு. உங்களுக்கெண்டுதான் ஆக்கினன், இருங்க."

அவளை ஏச அவருக்கு மனம் வரவில்லை. வீணாகப் போகவிடாமல் காப்பாற்றிய சந்தோசம் அவள் முகத்தில் இருந்தது. கையைக் கழுவிவிட்டுச் சோற்றுக் கோப்பையின் முன் உட்கார்ந்தார். சோற்றில் கை போகவில்லை.

"என்ன, வாசம் பிடிக்கல்லையா?"

"குளத்தில மத்தது கூப்பிட்டுக்கிட்டு நிக்குது, கமீலா" என்றார்.