ஹஜ்ஜுக்கு முன் ஒரு மன்னிப்பு

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். சிதம்பரத்திலிருந்து அக்காவை அழைத்துக்கொண்டு அவள் கணவர், என் மச்சான், கடலூருக்கு வந்தார். எங்கள் மேலிருந்த ஏதோ கோபத்தில், அத்தா இறந்தபோது முகம் பார்க்கக்கூட அக்காவை அனுப்பாதவர்.

"தெரிஞ்சோ தெரியாமயோ எதுனா பண்ணியிருந்தா மன்னிச்சிடு மச்சான்" என்றார்.

"அக்காகிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"அவகிட்ட என்னத்த கேக்குறது? அவளுந்தான் கூட வர்றாளே" என்று சிரித்தார்.

அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். நான் அவரைத் தழுவிக்கொண்டேன். "மன்னிச்சிட்டேன்" என்றது வாய்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள். "அத்தா முகம் கடைசியில எப்புடிடா இருந்துச்சு?"

அவர்கள் நல்லபடியாகத் திரும்பத் தினமும் துஆ கேட்கிறேன். மச்சானின் பெயர் வரும்போதெல்லாம் அந்தக் கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. நான் கொடுத்துவிட்டதாகச் சொன்ன மன்னிப்பு, இன்னும் என்னிடமே வந்து சேரவில்லை.